பலகைக்கு அடியில்

மரத்தை வெட்டி, அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டு வைத்தாலும் அது தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடுவதில்லை. உயிரோடு இருந்த வரை வேரால் குடித்தது. செத்த பிறகு உடம்பெல்லாம் வாய். காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பும். வெயில் காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மாதத்தில் சாத்த மறுக்கிற வாசல் கதவோடும், திறக்க மறுக்கிற மேஜை டிராயரோடும் மல்லுக்கட்டிய எல்லோருக்கும் இது தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு பொருளை, தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல், கடற்கரைக் காற்றில் வரிசையாகப் படுக்க வைத்து, அதன் மேல் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி சாப்பிடுவதற்கு 'டெக்' என்று பெயர். கப்பலிலிருந்து இறங்கி வந்த சொல். கப்பலில் அதைத் தினம் தேய்த்துக் கழுவ ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது டெக் மட்டும் வந்தது. ஆட்கள் வரவில்லை.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் நண்பர் ஒருவருக்கு வீடு இருக்கிறது... இல்லை, இருந்தது. முதல் மாடியில் கடலைப் பார்த்த மாதிரி இருநூறு சதுர அடிக்குத் தேக்கு டெக். அடியில் கார் நிறுத்தும் இடம். வீட்டுக்கு வருகிற யாரும் ஹாலைப் பார்க்க மாட்டார்கள், பூஜையறையைப் பார்க்க மாட்டார்கள். நேரே அங்கே போய் நின்று 'ஆஹா' சொல்வார்கள். கட்டி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வெயிலில் தேக்கு நரைத்து, வெள்ளி நிறத்துக்கு வந்திருந்தது. நண்பருக்கு அதுதான் கவலை.

நரைப்பது ஒரு வியாதியே இல்லை. அது தோலளவு சமாசாரம். தலை நரைத்ததற்காக யாரையும் ஐ.சி.யூ-வில் சேர்ப்பதில்லை. மரத்தின் நிஜமான வியாதி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் தொடங்குகிறது. பலகையின் வெட்டு முனையில், ஸ்க்ரூ இறங்கிய ஓட்டையில், பலகை அடிச்சட்டத்தின் மேல் உட்காருகிற இடத்தில், ரோஜாத் தொட்டி வைத்து வருஷக்கணக்கில் நகர்த்தாத மூலையில். இரண்டு பலகைக்கு நடுவே விட்ட இடைவெளியில் சருகு அடைத்துக்கொண்டால், அது ஈரத்துணி மாதிரி மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும் வரை பூஞ்சைக்கு அங்கே பிழைப்பு கிடையாது. அதற்கு மேல் ஏறி, இறங்காமல் நின்றுவிட்டால் விருந்துதான். போதாக்குறைக்கு உப்புக் காற்று. அது சாதா இரும்பு ஸ்க்ரூவைத் தின்னும். துருவைச் சுற்றி மரம் கறுத்து இளகும். கடலோரத்தில் 316 ரக எவர்சில்வர் ஸ்க்ரூதான் போட வேண்டும் என்பார்கள். விலையைக் கேட்டதும், 'அடியில் இருக்கிறதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சாதா ஸ்க்ரூ இறங்கிவிடும்.

மேல்பூச்சிலும் இதே கதைதான். வார்னிஷ் அடித்தால் கல்யாண மண்டபம் மாதிரி பளபளக்கும். ஆனால் கடற்கரை வெயிலில் அந்தப் படலம் வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வர வழியில்லாமல் படலத்துக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தும். எண்ணெய் அப்படியில்லை, உள்ளே இறங்கும், மரத்தை மூச்சு விட விடும். என்ன, வருஷம் ஒருமுறையாவது மழைக்கு முன்னால், நன்றாகக் காய்ந்த மரத்தில் திரும்பப் பூசவேண்டும். பளபளப்பும் கிடையாது. நண்பர் முதல் மூன்று வருடம் எண்ணெய் பூசினார். அப்புறம் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், அவருக்கு பைபாஸ் ஆயிற்று, மனைவிக்கு முழங்கால். டெக்கில் உட்காருவதே குறைந்துபோனது. வீட்டை விற்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

அப்போதுதான் ஆசாரி வந்தார். நாகர்கோவில் பக்கம். அறுபதைத் தாண்டியவர். அவர் அப்பா படகு வேலை செய்தவர். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து இறுக்குகிற கலப்பற்று வேலையைப் பற்றி, குங்கிலியத்தைக் காய்ச்சுகிற வாசனையைப் பற்றி, மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுவதைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். நான் அன்றைக்கு அங்கே காபிக்குப் போயிருந்தேன்.

"அடுத்த வாரம் ஒரு பார்ட்டி வீடு பார்க்க வர்றாங்க ஆசாரி. மேல நல்லா தேய்ச்சு, எண்ணெய் போட்டு, புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்றார் நண்பர்.

ஆசாரி தலையாட்டிவிட்டுக் கீழே போனார். கார் நிறுத்தும் இடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து மேலே வந்தார்.

"சார், இதுக்கு மேல நான் எண்ணெய் பூச மாட்டேன்."

"ஏன்?"

"கீழ மூணு சட்டம் போயிட்டுது. ஸ்க்ரூடிரைவர் அல்வாவுல எறங்குற மாதிரி எறங்குது. பாதிக்கு நீங்க ஃபால்ஸ் சீலிங் போட்டு அடைச்சிருக்கீங்க. காத்துப் போக வழியில்ல. அதுக்குள்ள எத்தனை போச்சோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார்.

"உங்களை மேலதானே பூசச் சொன்னேன்? கீழ யார் பார்க்கச் சொன்னது?"

என் நண்பர் கெட்டவர் இல்லை. டிரைவர் பையனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிறவர். ஆனால் அவருடைய கோபம் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது, முதல் அரை நிமிஷத்துக்கு. பத்து நிமிஷம் முன்னால் வரை அவர் ஒரு நல்ல வீட்டை நல்ல மனசோடு விற்கப் போகிற மனிதர். இப்போது அவருக்கு மூன்றே வழி. செலவு செய்து மாற்ற வேண்டும். அல்லது வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அல்லது பொய்யராக வேண்டும். மரம் பத்து நிமிஷத்தில் கெட்டுப்போகவில்லை. அவருடைய அறியாமைதான் பத்து நிமிஷத்தில் கெட்டுப்போனது.

சட்டமும் (இது மரச்சட்டம் இல்லை, அரசாங்கச் சட்டம்) அவர் பக்கம்தான் இருந்தது, ஆசாரி ஸ்டூலில் ஏறும் வரை. பி.காமில் எங்களுக்கு மெர்கன்டைல் லா எடுத்த வாத்தியார், வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்க வேண்டும் என்கிற லத்தீன் வாசகத்தைப் போர்டில் எழுதிப் போட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பார். ஆனால் வீடு, நிலம் விஷயத்தில் அது முழுக்கச் செல்லாது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சாதாரண கவனத்தோடு பார்த்தால் வாங்குகிறவர் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்து நல்ல விதி. ஆனால் அந்த 'தெரிந்த' என்ற ஒரு வார்த்தையில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்? தெரிந்துகொள்ளாமலேயே இருந்துவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். வில்லியம் கிங்டன் க்ளிஃபோர்ட். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கணிதப் பேராசிரியர். 33 வயதில், 1879-ல் இறந்துபோனார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் 'நம்பிக்கையின் அறம்' என்று மொழிபெயர்க்கக்கூடிய ஒரு கட்டுரை எழுதினார். அதை அவர் ஒரு மரக்கப்பலோடு ஆரம்பிக்கிறார்.

கதை இதுதான். ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, பல தடவை ரிப்பேர் பார்த்தது. அதில் பிழைப்புத் தேடி வேறு தேசம் போகிற குடும்பங்களை ஏற்றி அனுப்பப் போகிறார். கப்பல் தாங்குமா என்று அவருக்குள் ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கிறது. நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் செலவு. ஆகவே மனசைத் தேற்றிக்கொள்கிறார். இத்தனை தடவை புயலில் போய் வந்த கப்பல், இந்தத் தடவை மட்டும் என்ன ஆகிவிடும்? இத்தனை ஏழைக் குடும்பங்களைக் கடவுள் கைவிட்டுவிடுவாரா? கட்டினவர்களைச் சந்தேகப்படுவது பாவமில்லையா? தேற்றிக்கொண்டு, தேற்றிக்கொண்டு, கடைசியில் நிஜமாகவே நம்பிவிடுகிறார். சந்தோஷமாகக் கையசைத்து வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் வந்து சேர்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பினார். ஆனாலும் அந்தச் சாவுகளுக்கு அவர்தான் பொறுப்பு என்கிறார் க்ளிஃபோர்ட். அந்த நம்பிக்கையை அவர் பார்த்துச் சம்பாதிக்கவில்லை, பார்க்காமல் சம்பாதித்தார். இத்தோடு விடாமல் இன்னொரு படி போகிறார் மனிதர். கப்பல் மூழ்கவே இல்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முதலாளியின் குற்றம் ஒரு துளி குறையாது!

இது சும்மா சாய்வு நாற்காலி யோசனை இல்லை. இற்றுப்போன கப்பல்களில் அளவுக்கு மேல் பாரம் ஏற்றி அனுப்பி, மூழ்கினால் இன்ஷூரன்ஸ் வாங்குகிற முதலாளிகள் அன்றைய இங்கிலாந்தில் இருந்தார்கள். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று ஜனங்கள் பெயரே வைத்திருந்தார்கள். சாமுவேல் ப்ளிம்சால் என்ற எம்.பி. பார்லிமென்ட்டில் கத்தித் தீர்த்து, 1876-ல் சட்டம் வந்தது. க்ளிஃபோர்டே 1870-ல் சூரிய கிரகணம் பார்க்க சிசிலி பக்கம் போனபோது கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். ஆகவே அனுபவஸ்தர்.

க்ளிஃபோர்ட் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. போதிய ஆதாரம் இல்லாமல் எதையும், யாரும், எப்போதும் நம்பக்கூடாது என்று முடிக்கிறார். அப்படி இருந்தால் யாருக்கும் கல்யாணம் நடக்காது. 1896-ல் அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் அவருக்குப் பதில் சொன்னார்: சில விஷயங்களில் முதலில் நம்பினால்தான் பிறகு ஆதாரமே கிடைக்கும் என்று. நட்பு, கல்யாணம் விஷயத்தில் நான் ஜேம்ஸ் கட்சி. மரச்சட்டம் விஷயத்தில் க்ளிஃபோர்ட் கட்சி. நாம் நம்புகிறோம் என்பதற்காக இற்ற சட்டம் கெட்டியாகிவிடுவதில்லை.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்று ஒரு ஊர். சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரம். பனியும் ஈரமும் உள்ள இடம். 2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். ஓர் அபார்ட்மென்ட்டில் 21-வது பிறந்தநாள் பார்ட்டி. கோடை விடுமுறை வேலைக்கு அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். 13 பேர் பால்கனியில் நின்றிருந்தபோது அது சுவரை ஒட்டி அப்படியே ஒடிந்து மடங்கியது. நாலு மாடி உயரம். ஆறு பேர் செத்துப்போனார்கள். ஏழு பேருக்குப் படுகாயம்.

கட்டடத்துக்கு வயது எட்டுதான். வெளியிலிருந்து பார்க்க லட்சணமான கட்டடம். பால்கனியை உள்ளே தாங்கிய மரங்கள் இற்றுப்போயிருந்தன. கட்டும் காலத்திலேயே உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர், மேலே பூச்சுக்கும் கீழே பூச்சுக்கும் நடுவே வெளியேற வழியில்லாமல் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறது. அந்த பால்கனியில் காளான் முளைத்ததைக் குடியிருந்தவர்கள் சொல்லியும் கவனிக்கவில்லை என்று பிறகு தொடர்ந்த வழக்குகளில் குற்றம்சாட்டினார்கள். ஆனால் 2016-ல் மாவட்ட அரசு வழக்கறிஞர், யார் மீதும் கிரிமினல் வழக்குப் போடவில்லை என்று அறிவித்துவிட்டார். இத்தனை பேர் கை பட்டு, இத்தனை வருடம் ஓடிய விஷயத்தில் 'இவர்தான்' என்று ஒரே ஆளை நோக்கி விரலை நீட்டுவது சுலபமில்லை.

எனக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். ஒருவன் கத்தியால் குத்தினால் தேதி உண்டு, நேரம் உண்டு. பார்க்காமல் விட்டதற்குத் தேதி ஏது? என் நண்பர் நாலாவது வருடம் எண்ணெய் பூசவில்லை. அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வருடமும் ஒன்றும் ஆகவில்லை. தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு வருடமும் நிரபராதி. சேர்ந்தால் மூன்று சட்டம் அல்வா. இதில் எந்த வருடத்தைக் கூண்டில் ஏற்றுவது?

பெர்க்லிக்குப் பிறகு கலிஃபோர்னியா 2018-ல் ஒரு சட்டம் போட்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள வாடகைக் கட்டடங்களில், மரம் தாங்குகிற பால்கனி, டெக், படிக்கட்டு ஆகியவற்றை ஆறு வருடத்துக்கு ஒருமுறை தகுதியானவரை வைத்துச் சோதிக்க வேண்டும். அதாவது, 'தெரியாது' என்று சொல்லும் உரிமையையே எடுத்துவிட்டார்கள். பார்க்காமல் இருந்தால் அதுவே குற்றம். நல்ல சட்டம். ஆறு பிள்ளைகள் விலை.

நம் ஊரில் மோர்பி. குஜராத்தில் மச்சு நதியின் மேல் பழைய தொங்குபாலம். ரிப்பேர் முடிந்தது என்று 2022 அக்டோபர் 26-ல் திறந்தார்கள். 30-ஆம் தேதி அறுந்து விழுந்து 135 பேர் செத்தார்கள். ரிப்பேரில் என்ன செய்தார்கள் தெரியுமா? நடக்கிற தளத்தின் மரப் பலகைகளை எடுத்துவிட்டுப் பளபளவென்று அலுமினியத் தகடு போட்டார்கள். தாங்குகிற பிரதான கேபிள் ஒன்றில் 49 கம்பிகளில் 22 கம்பிகள் ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்தன என்று விசாரணைக் குழு சொன்னது. டெக் புதுசு. கேபிள் பழசு. கால் படுகிற இடத்தைக் கவனித்தார்கள், தாங்குகிற இடத்தைக் கவனிக்கவில்லை.

இதற்கு மனித சுபாவம் மட்டும் காரணமில்லை, நாங்கள் படித்த கணக்குப் பதிவியலும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புதிதாக டெக் போட்டால் அது மூலதனச் செலவு. பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் போய் ஜம்மென்று உட்காரும். அதற்கு எண்ணெய் பூசினால் 'பழுது மற்றும் பராமரிப்பு'. லாப நஷ்டக் கணக்கில் செலவாக வந்து, மார்ச் 31 அன்று சுவடில்லாமல் போய்விடும். எண்ணெய் பூசாமல் விட்டால்? எங்கேயும் எழுத வேண்டாம். இன்னும் சொன்னால் அந்த வருஷ லாபம் கூடும். மானேஜருக்குப் பாராட்டு கிடைக்கும். தேய்மானம் என்று ஒன்றை வருஷாவருஷம் சீராகக் கழிப்போமே, அது காகிதத்தில் தேய்கிற கணக்கு. மரம் அப்படித் தேயாது. எட்டு வருஷம் முழுசாக நிற்கும், ஒன்பதாவது வருஷம் ஒரே ராத்திரியில் போகும்.

கோயிலிலும் பாருங்கள். டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்' எழுதிக்கொள்ளலாம். கும்பாபிஷேகம் செய்தால் கல்வெட்டு உண்டு. கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்றை, கையளவு இருக்கும்போதே ஏறிப் பிடுங்கிப் போட்டவனுக்குக் கல்வெட்டு கிடையாது. பிடுங்காமல் விட்டு, கோபுரம் பிளந்து, திருப்பணி செய்தால் உண்டு.

கட்டுமரக்காரர்களிடம் இந்தப் பிரச்னை இருக்கவில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டினால்தான் கடலுக்குப் போக முடியும். தினமும் ஒவ்வொரு மரத்தையும் கை தொட்டே ஆக வேண்டும். எது இளகியிருக்கிறது என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. இன்றைக்கு ஃபைபர் படகு வந்துவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை.

எல்லாவற்றையும் எந்நேரமும் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் வீட்டுப் புத்தக அலமாரியின் முதுகை நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. அது சரிந்தால் என் தலையில்தான் விழும். டெக் அப்படியில்லை. 'வாங்க, வந்து நில்லுங்க' என்று கூப்பிடுவதற்காகவே கட்டிய இடம் அது. வந்து நிற்கிறவர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. நாம் பார்த்திருப்போம் என்று நம்பித்தான் காலை வைக்கிறார். அவர் வைக்கிற நம்பிக்கையின் அளவுக்கு நாம் குனிந்தாக வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

நண்பர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கச் சொன்னார். மொத்தம் பதினொரு சட்டத்தில் ஏழு போயிருந்தது. மாற்ற நேரமில்லை. வந்த பார்ட்டியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அவர்கள் 'டெக்கே இப்படின்னா மீதி வீட்டுல என்னென்ன இருக்கோ' என்று போய்விட்டார்கள். நாலு மாதம் கழித்து வேறொருவர் வாங்கினார், ரிப்பேர் செலவைப் போல மூன்று மடங்கு விலையைக் குறைத்துக்கொண்டு. உண்மைக்குக் கிடைத்த டிஸ்கவுன்ட் என்று நண்பர் இப்போதும் கசப்பாகச் சிரிப்பார். 'அந்த ஆள் அன்னிக்குக் குனியாம இருந்திருக்கலாம்' என்பார். ஆனால் ஆசாரிக்கு அந்தச் சாலையில் டெக் வைத்திருக்கிற நாலைந்து வீடுகளை அறிமுகம் செய்துவைத்ததும் அவர்தான். மழைக்கு முன்னால் வருஷம் ஒருமுறை வந்து அடியில் பார்த்துவிட்டுப் போக வேண்டியது. கூலி ஆயிரம் ரூபாய்.

போன புரட்டாசியில் ஆசாரியைப் பார்த்தபோது அந்த வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"முதல் வீட்டுல அரை மணி நேரம் குத்திக் குத்திப் பாத்தேன் சார். நல்லா இருக்கு, ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னேன். 'ஒண்ணும் செய்யலையே, எதுக்கு ஆயிரம்?'னு ஐந்நூறு குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அடுத்த வீட்டுலயும் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி, அதே ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டினேன். முழுசா குடுத்தாங்க சார், டீயும் குடுத்தாங்க."